மறுகரையில் ஒரு கண்டக்டர்

“அம்மா, நீ பண்ணாத வைத்தியத்துல பிழைச்சவங்க எல்லாம் எங்க இருப்பாங்க?”

ஈவா இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. பாளையங்கோட்டையில் அவள் அம்மா வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு ‘மறுகரை’ வந்து இறங்கிய வாரம் அது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் மறுகரைப் பேச்சுதான். அது என்ன இயந்திரம் என்று மகளுக்குப் புரியும்படி ஜெபக்கனி சொல்லிப் பார்த்தாள். ஒருவருக்கு மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்கிறது. அதைத் திறக்க இரண்டு வழி இருக்கிறது. டாக்டர் ஒரு வழியில்தான் போக முடியும். போகாமல் விட்ட வழியில் போயிருந்தால் அந்த மனிதர் என்ன ஆகியிருப்பார் என்று மறுகரை கணக்கிட்டுச் சொல்லும். மகளின் கேள்விக்கு ஜெபக்கனி சிரித்துக்கொண்டே, “எங்கயும் இல்ல தங்கம், அது வெறும் கணக்கு” என்றாள்.

அந்தப் பதிலை அவள் பல வருடங்கள் நம்பினாள். உச்சிமாகாளி வரும்வரை நம்பினாள்.

உச்சிமாகாளி மினி பஸ் கண்டக்டர். சமாதானபுரத்திலிருந்து பேட்டை வரைக்கும் ஓடும் பஸ். வண்டி அவர் மனைவி இசக்கியம்மாளின் தம்பிக்குச் சொந்தம், ஓட்டுவதும் அவன்தான். ஒரு மத்தியான நேரம், கூட்டம் நெருக்கிக்கொண்டு நிற்க, “கொக்கிரகுளம் எல்லாம் முன்னால வாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்குப் பாதி வாக்கியத்தில் பேச்சு நின்றது. வலது கையிலிருந்த டிக்கெட் கட்டு நழுவி விழுந்தது. ஆள் சாய்ந்துவிட்டார். மைத்துனன் பயணிகளை அப்படியே வைத்துக்கொண்டு பஸ்ஸை ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டி வந்தான். அந்தப் பயணிகளில் ஒருவர்கூட இறங்க வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு பேர் அவரைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

ஸ்கேனில் அடைப்பு தெளிவாகத் தெரிந்தது. மூளையின் இடது பக்கம், பேச்சுக்கான இடத்துக்குப் போகும் பெரிய குழாயில் ரத்தக்கட்டி உட்கார்ந்திருந்தது.

நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்த இசக்கியம்மாளை உட்காரவைத்து, ஜெபக்கனி நிதானமாக விளக்கினாள். தொடையில் சின்னத் துளை போட்டு, அங்கிருந்து மெல்லிய குழாயை மூளை வரைக்கும் கொண்டுபோவோம். கட்டியை வெளியே எடுக்க இரண்டு முறை இருக்கிறது. குழாயை வைத்து அப்படியே உறிஞ்சி எடுப்பது ஒன்று. சுருங்கி விரியும் கம்பிவலையைக் கட்டிக்குள் விரித்து, அதில் சிக்கவைத்து இழுப்பது இன்னொன்று. இரண்டும் நல்ல முறைகள்தான். எது மேல் என்பதில் உலகத்து டாக்டர்களுக்குள் இன்னும் முடிவில்லை. அதற்காகத்தான் இந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. எந்த முறை என்பதை டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார். கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.

இசக்கியம்மாள் அழுகையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

“கிணத்துல வாளி விழுந்தா பாதாளக்கரண்டி போட்டு எடுப்போம்லா, அது ஒண்ணு. மோட்டார் போட்டு இழுக்கது இன்னொண்ணு. அப்படித்தான டாக்டரம்மா?”

“அப்படியேதாம்மா.”

“எதையோ போடுங்க. அந்த மனுசன் ஏச்சு கேக்காம எனக்குச் சோறு இறங்காது.”

ஆராய்ச்சியின் விதி சுலபமானது. நோயாளி மேசைக்கு வந்ததும் திரையில் பொத்தானை ஒருமுறை தொட வேண்டும். குழாய்ப் படமோ வலைப் படமோ வரும். எது வருகிறதோ அதைச் செய்ய வேண்டும். இணைப்பு அறுந்து எதுவும் வராவிட்டால் மட்டும் இன்னொரு முறை தொடலாம்.

அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த நோயாளியைத் தொடுவதற்கு முன்பும் அறையிலுள்ள எல்லோரும் தலைகுனிந்து ஒரு சின்ன ஜெபம் செய்வார்கள். ஆராய்ச்சி வந்த பிறகு, ஆமென் சொன்ன கையோடு பொத்தானைத் தொடுவது பழக்கமாகிவிட்டது. யாரும் திட்டமிட்டு அப்படி வைக்கவில்லை. ஆனால் நாள்போக்கில், திரையில் வரும் படம் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் மாதிரி அவர்களுக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஜெபக்கனிக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே தோன்றியது. அவள் கை உறிஞ்சுகுழாயில் தேர்ந்த கை. ஆகவே ஒவ்வொரு ஜெபத்தின் ஓரத்திலும் சத்தமில்லாமல் ஒரு வேண்டுதலைச் சொருகிவைப்பாள்: ஆண்டவரே, குழாயாக இருக்கட்டும்.

அன்று ஆமென் சொல்லித் தொட்டாள். வலை வந்தது.

வந்த படம் ஒரு கண்சிமிட்டல் மங்கி, மறுபடி தெளிந்தது. மின்சாரம் சற்றுத் தாழ்ந்திருக்கலாம். வலைப் படம் அங்கேயேதான் இருந்தது, இணைப்பு அறுந்துபோகவில்லை. ஆனால் அந்த மங்கலைக் கண்டதும் அவள் மனசு துள்ளியது. இன்னொரு முறை கேள் என்று சொல்கிறாரோ? கூட இருந்த டெக்னீசியன் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார், நர்ஸ் முதுகைக் காட்டி நின்றாள். ஜெபக்கனி மறுபடி தொட்டாள். குழாய் வந்தது.

ஸ்தோத்திரம் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டுதான் அவள் வேலையைத் தொடங்கினாள்.

முதல் உறிஞ்சலில் கட்டியின் பெரும்பகுதி வந்துவிட்டது. மீதி உடைந்து, ஒரு துணுக்கு மேலே ஓடி, பேச்சுக்கான சின்னக் கிளையில் போய் அடைத்துக்கொண்டது. அங்கே குழாய் போகாது. உச்சிமாகாளி பிழைத்தார். கால் சரியாயிற்று, வலது கையும் பாதிக்கு மேல் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. சொல்வதெல்லாம் புரிந்தது. பதில்தான் வெளியே வரவில்லை.

வார்டில் அவர் ஒரு சைகையைப் பிடித்துக்கொண்டார். ஜெபக்கனி ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் இடது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டுவார். நர்ஸ் இரண்டு இட்லி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தாள். இசக்கியம்மாளோ, “ரெண்டுக்கு வருதாம்” என்று கட்டிலுக்கடியிலிருந்து பெட்பேனை எடுத்துக்கொண்டு ஓடி வருவாள். அவர் தலையில் அடித்துக்கொள்வார். அடுத்த கட்டில்காரர்கள் சிரிப்பார்கள். கடைசியில் இசக்கியம்மாளும் சிரித்துவிடுவாள். ஜெபக்கனியும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

மறுகரை உடனே பதில் சொல்லும் இயந்திரமில்லை. எடுத்த கட்டியைச் சோதித்து, ரத்தக் குழாயின் ஒவ்வொரு வளைவையும் தனக்குள் கட்டியெழுப்பி, ஓடாத ரத்தத்தை ஓடவிட்டுப் பார்க்க அதற்குப் பல வாரம் ஆகும். பதில் அந்த டாக்டருக்கும் தலைமை மருத்துவருக்கும் மட்டும் வரும். குடும்பத்துக்குச் சொல்வதில்லை. வேறொரு மாநிலத்தில் சொல்லிப் பார்த்திருந்தார்கள். அங்கே ஒரு மகன், படுத்த படுக்கையாகிவிட்ட தாயிடம் தினமும் காலையில் ‘அந்தப் பக்கத்து அம்மா இந்நேரம் கோயிலுக்கு நடந்து போயிருப்பாள்’ என்று சொல்லத் தொடங்கினான். புருஷனைத் தாமதமாகக் கொண்டுவந்த ஒரு பெண்ணை உறவே ஒதுக்கிவைத்தது. ‘அந்தப் பக்கம்’ என்ற சொல் வீடுகளுக்குள் புகுந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் இருப்பவரை யாரும் முழுசாகப் பார்ப்பதில்லை. ஆகவே வீடுகளைக் காப்பாற்றி, அந்தப் பாரத்தை டாக்டர்கள் தலையில் வைத்தார்கள். நல்ல கையுள்ள டாக்டர்கள் சிலர் அந்த வேலையையே விட்டுவிட்டு ஸ்கேன் படம் படிக்கப் போய்விட்டார்கள். ஜெபக்கனி அவர்களைக் கோழைகள் என்று நினைத்ததுண்டு.

உச்சிமாகாளியின் பதில் வந்தது. கம்பிவலை போட்டிருந்தால் கட்டி உடையாமல் முழுசாக வந்திருக்கும். ஒரு வாரத்தில் எழுந்து பேசிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

ஈவா கேட்ட கேள்விக்கு இப்போது ஒரு பதில் கிடைத்தது. அந்த மனிதர் எங்கேயோ இருந்தார். பஸ் படியில் தொங்கிக்கொண்டு, ஊர்ப் பெயர்களைச் சொல்லி, சில்லறை இல்லாதவனை ஏசிக்கொண்டு இருந்தார். ஜெபக்கனி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒவ்வொரு மினி பஸ்ஸின் படியிலும் அவரைப் பார்த்தாள்.

மற்ற டாக்டர்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு: குலுக்கலில் வந்தது, நான் என்ன செய்ய. அவளுக்கு அது இல்லை. கேட்டதற்குப் பதில் கிடைத்தது. பதில் பிடிக்காமல் திரும்பக் கேட்டாள். அதற்குக் கடவுளையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். ஜெபிக்கக் குனிந்தால் வார்த்தை வரவில்லை. இந்தச் சமயத்தில் இசக்கியம்மாளின் அன்பு வேறு. மாதாந்திரப் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் வீட்டில் காயப்போட்ட மோர் மிளகாயை ஒரு டப்பாவில் கொண்டுவந்து மேசைமேல் வைப்பாள். “நீங்க மட்டும் அன்னைக்கு இல்லன்னா இவுகள நான் எங்கன போயித் தேடுவேன்” என்பாள். டப்பாக்கள் சமையலறையில் திறக்கப்படாமலே அடுக்கிக்கொண்டு போயின.

ஒருமுறை கிளம்பும்போது இசக்கியம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். தம்பி எத்தனை நாள்தான் தனியாக வண்டி ஓட்டி, தானே டிக்கெட்டும் கொடுப்பான்? பொங்கலுக்குப் பிறகு வேறு கண்டக்டர் போடப்போகிறானாம். “ஏறுனவுககிட்ட எங்க போவணும்னு ஒரு வார்த்தை கேக்க வாய் வந்தாப் போதும்னு சொல்லுதான், டாக்டரம்மா. அந்த ஒரு வார்த்தைதான் வர மாட்டேங்குது. வண்டியும் இல்லன்னு ஆயிட்டா இந்த மனுசன் செவத்தப் பாத்தே உக்காந்துருவாக.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கனி ஆராதனைக்குப் போகவில்லை. சமாதானபுரத்தில் விசாரித்து விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தாள். இசக்கியம்மாள் கடைக்குப் போயிருந்தாள். வீட்டை ஒட்டிய காலி மனையில் மினி பஸ் நின்றது. உச்சிமாகாளி அதன் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். வழக்கம்போல இரண்டு விரலைக் காட்டினார்.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். நீட்டவில்லை, அழவும் இல்லை; அழுதால் அவர் தன்னைத் தேற்ற வேண்டிவரும் என்று பயந்தாள். முதலில் வந்தது வலை, நான்தான் மறுபடி தொட்டேன் என்றாள். அந்த வலை உங்களுக்குப் பேச்சைக் கொடுத்திருக்கும் என்று இயந்திரம் சொல்கிறது என்றாள். இதை உங்களுக்குச் சொல்லக்கூடாது என்பது விதி, ஆனால் விதியை மீறிக் கெடுத்தவள் விதியைச் சொல்லி ஒளிந்துகொள்ள முடியாது என்றாள்.

உச்சிமாகாளி இடது ஆட்காட்டி விரலை நீட்டி, காற்றில் ஒரு இடத்தைத் தொட்டார். எடுத்தார். அதே இடத்தை மறுபடி தொட்டார். இரண்டு விரலைக் காட்டினார்.

ஜெபக்கனிக்கு அப்போதுதான் உறைத்தது. மயக்க மருந்து கொடுக்காமல், தொடையை மட்டும் மரத்துப்போகவைத்துச் செய்கிற வைத்தியம் அது. மேசைக்கு மேலேதான் திரை தொங்கியது. வாய் போனவர் கண்ணைத் திறந்து மல்லாந்து படுத்திருந்தார். அறையில் இருந்த எல்லோரும் வேறெங்கோ திரும்பியிருந்தபோது, அவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை மாதமும் அவளிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: ரெண்டு தடவை ஏன் தொட்டே?

“தெரியுமா உங்களுக்கு?” என்றாள். அவர் தலையாட்டினார். கோபமா சலிப்பா என்று பிரிக்க முடியாத முகம். வீட்டு வாசல் பக்கம் இசக்கியம்மாளின் செருப்புச் சத்தம் கேட்டது. உச்சிமாகாளி சட்டென்று விரலை உதட்டில் வைத்தார். அவளிடம் வேண்டாம். மனைவி அந்தப் பக்கத்து மனிதரைத் தேட ஆரம்பித்துவிடுவாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஜெபக்கனி அதற்கு மட்டும் கட்டுப்பட்டாள். அந்த முடிவைச் சொல்லும் உரிமை அவருடையது என்று அவளுக்குப் பட்டது.

மறுநாள் தலைமை மருத்துவர் அருள்தாஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். நல்ல மனிதர், அவளுக்கு ஆசிரியராக இருந்தவர். உச்சிமாகாளி ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டார். அவளை ஒரு வருடம் அந்தச் சிகிச்சை அறைக்குள் வரவேண்டாம் என்றார்கள். பொத்தானை இரண்டாம் முறை தொட முடியாதபடி செய்தார்கள். நோயாளி விரும்பாததால் குடும்பத்துக்கு எதுவும் தெரிவிக்கப்படவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்யலாம் என்றார் அருள்தாஸ். வாரத்தில் ஒருநாள் கிடைக்கும். அது போதாது என்று இருவருக்கும் தெரியும்.

அதனால்தான் ஜெபக்கனி விடியற்காலையில் அங்கே போக ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் இசக்கியம்மாள் மார்க்கெட்டுக்குப் போயிருப்பாள். மைத்துனன் எழுந்திருக்க மாட்டான். முதல் நாள் உச்சிமாகாளி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு பஸ்ஸின் கதவைத் திறந்து, ஜன்னலோர இருக்கையைக் காட்டினார்.

அவள் உட்கார்ந்ததும் ஒரு அதிசயம் நடந்தது. டாக்டர்களுக்கு அது அதிசயமில்லை. அவர் படியில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து கடகடவென்று சொன்னார்: “சமாதானபுரம் பஸ்ஸாண்டு முருகங்குறிச்சி வண்ணாரப்பேட்டை கொக்கிரகுளம் ஜங்ஷன் ஆர்ச்சு டவுன் பேட்டை.”

மனப்பாடமாக ஓடுகிற சரடு மூளையின் வேறொரு பக்கத்தில் பத்திரமாக இருக்கும், பாட்டும் அப்படித்தான். ஆனால் சரடை அறுத்து ஒரு மணியை மட்டும் எடுக்க அவரால் முடியவில்லை. ஜங்ஷன் படத்தைக் காட்டி இது எந்த இடம் என்று கேட்டால் திகைத்து நிற்பார். மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் ஜங்ஷனைத் தாண்டி பேட்டைக்குப் போய்த்தான் நிற்பார். நிறுத்தங்களில் நிற்காத பஸ்.

அவள் நிற்க வைத்தாள். மெதுவாக, இருக்கைக் கம்பியைத் தட்டித் தட்டி, அவர் கூடவே சொல்லி, சட்டென்று தான் நிறுத்திக்கொண்டு. முதலில் வண்ணாரப்பேட்டையில் நின்றது. வெகுநாள் கழித்து ஜங்ஷனில். சில நாள் எதிலும் நிற்காமல் போகும். அவர் ஆத்திரத்தில் பஸ் தகரத்தை ஓங்கிக் குத்துவார். அவள் மறுபடி முதலிலிருந்து கம்பியைத் தட்டத் தொடங்குவாள். ஒருநாள் அவள் தன் வீட்டிலிருந்து மோர் மிளகாயும் சோறும் கொண்டுவந்து அங்கேயே சாப்பிட்டாள். மிளகாயை அடையாளம் கண்டுகொண்டு அவர் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. கேள்வி வரவில்லை. எங்க என்று ஆரம்பித்தால் நாக்கு சுருண்டுகொள்ளும். மார்கழி பிறந்தது. இசக்கியம்மாளின் தம்பி புது ஆளிடம் பேசிவைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டாள்.

அப்போதுதான் அருள்தாஸ் அவளைக் கூப்பிட்டனுப்பினார். முகம் மலர்ந்திருந்தது. மறுகரையைச் செய்தவர்கள் ஒரு தவறைக் கண்டுபிடித்திருந்தார்கள். பழைய, கெட்டியாகி எளிதில் நொறுங்கும் கட்டிகளை அந்த இயந்திரம் மிருதுவானவை என்று எடுத்துக்கொண்டிருந்தது. திருத்தி, எல்லா நோயாளிகளையும் மறுபடி கணக்கிட்டார்கள்.

“உச்சிமாகாளிக்கு வலை போட்டிருந்தாலும் உடைஞ்சுதான் இருக்கும், ஜெபா. அதே இடம். பேச்சும் இதே மாதிரி போயிருக்கும். ஒரு வித்தியாசமும் இல்ல. உன்னால அந்த மனுஷனுக்கு எதுவும் போகல.” அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “தடையை நீக்கச் சொல்லிப் பேசிட்டேன். நாளையிலிருந்து காலை டூட்டிக்கு வந்துரு. விடியுறதுக்கு முன்னாலயே கேஸ் காத்துக்கிட்டு நிக்குது.”

அவள் நேரே ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்துக்குப் போய் முழங்காலிட்டாள். கண்ணீர் நிற்காமல் வந்தது. முதலில் அது நிம்மதியாகத்தான் இருந்தது. தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தது போல உடம்பு லேசாயிற்று. அந்தப் பக்கத்து உச்சிமாகாளி இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை. நன்றி சொல்ல வாய் திறந்தாள். வார்த்தை நின்றுவிட்டது. இரண்டாம் முறை விரலை வைத்தபோது இந்தக் கணக்கு அவளுக்குத் தெரியாது. அவரிடமிருந்து எடுத்துவிடக்கூடிய கையைத்தான் நீட்டினாள். எடுக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை என்பது இயந்திரம் தந்த அதிர்ஷ்டம். அவளுடைய நேர்மை இல்லை.

வெளியே வந்து அருள்தாஸிடம், காலை டூட்டி வேண்டாம் சார், மத்தியானத்தில் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். மத்தியானத்தில் அந்த அறையில் வேலை குறைவு, பெயரும் குறைவு. ஏன் என்று அவர் கேட்டார். வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் விடியலில் தூறலாக இருந்தது. உச்சிமாகாளி பஸ்ஸுக்குள் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் மறைக்காமல் அதையும் சொன்னாள்: இயந்திரம் தப்பாகச் சொல்லியிருக்கிறது, வலை போட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்குமாம், உங்களுக்கு இது தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

சில்லறை இல்லை என்று சொல்கிற பயணியைப் பார்க்கிற பார்வை ஒன்று கண்டக்டர்களிடம் உண்டு. அவர் அப்படிப் பார்த்தார். சரி, அதனால் என்ன இப்போ என்கிற பார்வை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஜன்னலோர இருக்கையைக் காட்டினார். அவள் ஈரக் குடையை மடித்துக் காலடியில் வைத்து உட்கார்ந்தாள்.

அவர் படிக்குப் போனார். கம்பியைப் பிடித்தார். ஊர்ப் பெயர்களைத் தொடங்கவில்லை. திரும்பி, இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து அவள் பக்கத்தில் வந்து நின்றார். உதடு கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. அவள் கூடச் சேர்ந்து சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் காத்திருந்தாள்.

“எங்க,” என்றார். மூச்சை இழுத்தார். “எங்க போவணும்?”

ஓட்டுபவர் இருக்கை காலியாக இருந்தது. பின்னால் எல்லா இருக்கைகளும் காலியாக இருந்தன. கண்ணாடியில் தூறல் வழிந்துகொண்டிருந்தது.

“பேட்டை,” என்றாள் ஜெபக்கனி. கடைசி நிறுத்தம் அதுதான்.